ஐயா லைன், அம்மா லைன்

செப்டம்பர் 2, திங்கள்

ட்ரையல் இன்று தொடங்கியது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ரகுநந்தன் இரண்டு ஓவன்களுக்கும் நடுவில் நின்று, கல்யாண வீட்டில் மைக் கிடைத்தவர் மாதிரி முழங்கினார். விஷயம் இவ்வளவுதான். பிஸ்கட் ஓடும் லைன் ஒன்று என் முறையில் நடக்கும். லைன் இரண்டு வான்மதியின் முறையில் நடக்கும். தீபாவளிக்குள் எது நல்ல பிஸ்கட்டைக் குறைந்த வேஸ்டோடு தருகிறதோ, அதுதான் இனி கம்பெனியின் எல்லா ஆலைகளுக்கும். அந்த முறைக்குச் சொந்தக்காரர் ஓசூர் ஆலைக்குத் தலைவர். மற்றவர் அவருக்குக் கீழே இருக்கலாம், பிடிக்காவிட்டால் கிளம்பலாம்.

வான்மதி என் மனைவி. ஆலைக்குள் நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை சார் என்பாள். கேட்டைத் தாண்டினால் 'ஏங்க'. மத்தியானச் சாப்பாட்டுக்குள் தொழிலாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்: ஐயா லைன், அம்மா லைன்.

என் முறை எளிது. எந்த வேலைக்கும் மிகச் சிறந்த நிலை என்று ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடி, பூட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொள். எந்த பர்னருக்கு என்ன சூடு, பெல்ட்டுக்கு என்ன வேகம் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அதில் இனி கைவைக்க எவனுக்கும் வேலை இல்லை. அவள் முறையில் எதுவுமே முடிந்த முடிவில்லை. ஓவன் வாயில் ஒரு கேமரா பிஸ்கட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நிறம் மாறினால் கம்ப்யூட்டர் தீயைக் கூட்டிக் குறைத்துத் தானே கற்றுக்கொள்ளும். வருஷக்கணக்காக இதையே எழுதி அழித்து எழுதிக்கொண்டிருக்கிறாள். சமையலும் இப்படித்தான். எங்கள் வீட்டில் ஒரு சாம்பார் இரண்டாம் முறை வந்ததில்லை.

காரில் திரும்பும்போது, "யார் ஜெயிச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானேங்க வருது" என்றாள். தோற்கத் தயாராக இருப்பவர்கள் பேசும் பேச்சு. எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

மகள் துளசிக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க வேண்டும். நாலாவது படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு பெரிய பாதம் ஆகாது. கேஸ் புக் பண்ணியாயிற்று. லைன் ஒன்று அப்பழுக்கில்லாமல் ஓடுகிறது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டையில் உப்பு இல்லை. சொன்னேன். "அடுத்த ஈட்டுல போட்டுட்டேன், இத சாப்பிடுங்க" என்று வேறு ஒன்றை நீட்டினாள். முதல் ஈடே சரியாக இருக்க வேண்டும் என்று இவளுக்கு என்றைக்குமே தோன்றாது.

ஸ்டோர் கோதண்டத்தைக் கூப்பிட்டுப் பேசினேன். அவன் மகனுக்கு அப்ரண்டிஸ் இடம் வாங்கிக் கொடுத்தவன் நான், அதனால் சொன்னது காதில் விழும். ஒரே மில்லிலிருந்து வந்த மாவை எனக்கு ஒதுக்கச் சொன்னேன். கண்ட மில்களிலிருந்து வந்த மிச்சம் மீதி லைன் இரண்டுக்குப் போகும். எங்கேயாவது போகத்தானே வேண்டும்.

செப்டம்பர் 13, வெள்ளி

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வாரம் முழுக்க லைன் இரண்டில் கண்ட கண்ட மாவும் விழுந்தது. ஒன்று ஈரம், ஒன்று வறட்சி, ஒன்று தவிட்டு நிறம். அத்தனைக்கும் அவள் கம்ப்யூட்டர் ஈடு கொடுத்து, ஒரே நிறத்தில் பிஸ்கட் தள்ளியிருக்கிறது. ரகுநந்தன் போனில் பூரித்துப் போகிறார். "பரந்தாமன், உங்க மிஸஸ் லைன்ல குப்பையைக் கொட்டினாலும் பிஸ்கட்டா வரும் போல!" நானும் சிரித்தேன். பல் வலித்தது.

சாப்பிடும்போது அவள் வாய் ஓயவில்லை. ஜெயிக்கிற சந்தோஷத்தில் கேட்காததெல்லாம் சொன்னாள்.

"மணிக்கொரு தடவை அது தீயை ஒரு துளி கூட்டிக் குறைச்சுப் பாக்கும்ங்க. தூங்கிட்டியா முழிச்சிருக்கியான்னு தட்டிப் பாக்கற மாதிரி. அப்பத்தான் தான் கத்துக்கிட்டது சரியான்னு அதுக்கே தெரியும். அந்தத் தட்டலும் இல்லாம, மாவும் மாறாம ஒரே அமைதியா இருந்துச்சுன்னு வைங்க, கத்துக்க ஒண்ணும் இருக்காது. கேமரா மேல படற தூசியக்கூட பாடம்னு எடுத்துக்கும். கொஞ்ச நாள்ல அதுக்குப் பைத்தியம் புடிச்சிடும்."

"புடிச்சா பாத்தாலே தெரிஞ்சிடாதா?"

"தெரியாதுங்க. அதுதான் கஷ்டம். எப்பவும் விட நல்லாவே ஓடும். என்னைக்காவது நெசமா ஒண்ணு மாறும் பாருங்க, அன்னைக்குத்தான் தெரியும்."

நான் அவள் தட்டில் இன்னொரு தோசை வைத்தேன். ஆச்சரியமாகப் பார்த்தாள்.

செப்டம்பர் 14, சனி

நியாயமாக நடந்துகொள்வது என்று முடிவெடுத்துவிட்டேன். கோதண்டத்திடம் சொன்னேன்: இரண்டு லைனுக்கும் இனி ஒரே மில், ஒரே லாட் மாவு. தீபாவளி வரைக்கும் இருப்பு வாங்கி அடுக்கு.

"போன வாரம் நல்லது உங்களுக்கு, மட்டம் மேடத்துக்குன்னீங்க. இப்ப மாத்திச் சொல்றீங்களே சார்?"

"என் பொண்டாட்டிக்கு நான் நல்லது செய்யக் கூடாதா?"

"தாராளமா செய்ங்க சார். யாரு வேணாம்னது."

செப்டம்பர் 18, புதன்

தர்மபுரியிலிருந்து சிவகாமி அக்காவை அழைத்து வந்துவிட்டேன். அத்தான் போன பிறகு அங்கே தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கே சமையல், துளசியின் பள்ளிக்கூடம், பால்காரன், இஸ்திரி எல்லாம் இனி அக்கா பார்த்துக்கொள்வாள். வான்மதி லைனை மட்டும் பார்த்தால் போதும் என்றேன்.

அழுதுவிட்டாள். "கல்யாணமான நாளா நான் கேட்டதே இல்லைங்க, நீங்களா செஞ்சீங்க பாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை எடுக்க முடியவில்லை.

ஆலையிலும் உத்தரவு போட்டாயிற்று. லைன் இரண்டில் சின்னக் கோளாறு எதுவானாலும் முதலில் என்னிடம் வர வேண்டும், மேடத்தை அலைக்கழிக்கக் கூடாது. அந்த லைனின் ஆபரேட்டர் ஆரோக்கியமேரி கும்பிடாத குறைதான். "எங்க வீட்டுல ஒண்ணு இருக்குது சார், குடிச்சிட்டுக் குப்புறப் படுக்கும். நீங்கள்லாம் எந்த மண்ணுல செஞ்சவங்களோ." மேரி வாயிலிருந்து வந்தது என்றால் ஆலை முழுக்கப் பரவிவிட்டது என்று அர்த்தம். பரவட்டும்.

செப்டம்பர் 23, திங்கள்

வேஸ்ட் கணக்கு வந்தது. இரண்டு லைனும் சரிக்குச் சரி நிற்கின்றன. அவள் பக்கம் மட்டும் ஒரு மயிரிழை கூடுதல். அந்த மணிக்கொரு தட்டல் இருக்கிறதே, ஒவ்வொரு தட்டலுக்கும் சில தட்டு பிஸ்கட் வெளுத்தோ சிவந்தோ போகிறது. அதுதான் அந்த மயிரிழை.

வீட்டில் எடுத்துச் சொன்னேன். "அந்தத் தட்டலை நிறுத்திட்டா நீ எனக்கு மேல போயிடுவ."

"மாவும் மாறாம இருக்குதேங்க. தட்டலும் இல்லன்னா அப்புறம் அதுக்கு என்ன இருக்கு? எனக்கு அதுதான் பயம்."

"மாவு மாறலைன்னாதான் தட்ட வேண்டிய அவசியமே இல்ல. தீபாவளி வரைக்கும்தானே. அப்புறம் நீயே ஹெட். என்ன வேணாலும் தட்டிக்க."

யோசித்தாள். அவள் யோசிப்பது எனக்கு எப்போதும் எரிச்சல். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு, இல்லாத பிரச்சினையை எல்லாம் உட்கார வைத்து விசாரிப்பாள்.

"நான் உனக்குக் கெடுதல் சொல்வேனா?" என்றேன்.

எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்து நிறுத்திவிட்டாள். அக்கா குழிப்பணியாரம் சுட்டிருந்தாள். காரம் சரியாக இருந்தது. அக்காவின் பணியாரம் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும்.

செப்டம்பர் 30, திங்கள்

லைன் இரண்டு என் லைனைவிட நன்றாக ஓடுகிறது. பொறுமை.

அக்டோபர் 4, வெள்ளி

வான்மதிக்கு மனது சரியில்லை. "ரொம்ப அமைதியா இருக்குங்க. நம்பரெல்லாம் எங்கேயோ நகருது, ஆனா வெளியில ஒண்ணும் தெரியல. ஒரே ஒரு தடவை தட்டிப் பாத்துடவா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் ரகுநந்தன் வருகிறார், அந்த நேரத்தில் வெளுத்த பிஸ்கட்டைக் காட்டப் போகிறாயா என்றேன். "அதுவும் சரிதான்" என்றாள். முன்பெல்லாம் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்ல மாட்டாள். வீட்டு வேலை இல்லை, ஆலையில் தொல்லை இல்லை, ஆளே கொஞ்சம் மந்தமாகிவிட்டாள். முகம் பளபளப்பாக இருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

எல்லோரும் கிருஷ்ணகிரி அணைக்குப் போனோம். துளசி மீன் வறுவல் கேட்டாள், அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். வான்மதி என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள். காதலித்தவர்கள் செய்வது அது, நாங்கள் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டவர்கள். காற்றில் அவள் முடி என் முகத்தில் அடித்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, அதை எழுதத்தான் வேண்டும். இப்படியே இருந்துவிடலாமே என்றுகூடத் தோன்றியது. திரும்பி வரும் வழியில் ரகுநந்தன் போன் செய்து, "அநேகமா உங்க மிஸஸ்தான்" என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. இரண்டு ஓவன்களையும் நிறுத்தி, கழுவி, வாழைக்கன்று கட்டி, மாவிலை தொங்கவிட்டு, ஆலையே கோயில் மாதிரி இருந்தது. பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல். பூசணிக்காய் உடைத்தவன் பாதியை என் காலில் போட்டான், முட்டாள்.

மெஷினுக்கு அதனதன் பொறுப்பாளர் பொட்டு வைப்பது எங்கள் ஆலை வழக்கம். என் லைனை முடித்துவிட்டு லைன் இரண்டுக்கும் நானே போனேன். "புருசனும் பொண்டாட்டியும் சேந்து வச்சா அம்மா லைனுக்கு விசேசம்தான்" என்றாள் மேரி, அவளே குழைத்த சந்தனத்தை நீட்டிக்கொண்டே. வான்மதி தாம்பாளத்தைப் பிடித்தபடி பக்கத்தில் வந்தாள். பட்டுப்புடவை, நெற்றியில் குங்குமம். அழகாக இருந்தாள். மோட்டாருக்கு வைத்தேன், பேனலுக்கு வைத்தேன், பர்னர் கதவுக்கு வைத்தேன், கேமராவுக்கும் வைத்தேன். அதுவும் ஒரு மெஷின்தானே, அதை மட்டும் விட்டால் குறையாகாதா.

விரல் கண்ணாடி மேல் கொஞ்சம் பட்டிருக்கலாம். குழைத்த சந்தனம் வழுக்கும். துடைத்திருக்கலாம்தான், ஆனால் பூஜையில் வைத்த சந்தனத்தை விஜயதசமி அன்று மெஷின் ஓடித் தானாக உதிரும் வரை எங்கள் ஆலையில் ஒருவரும் தொட மாட்டார்கள். அபசகுனம். கேமராக் கண்ணாடியைத் தினமும் பஞ்சால் துடைக்கிற மேரி நாளைக்கு மட்டும் துடைக்க மாட்டாள். வழக்கத்தை மாற்ற நான் யார்?

அக்டோபர் 12, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, இரண்டு லைனும் ஓடத் தொடங்கின. நான் லைன் ஒன்றில் இருந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். லைன் இரண்டின் கேமராவுக்கு பிஸ்கட் வெளுப்பாகத் தெரிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் தீயைக் கூட்டியது. அப்படியும் வெளுப்பு. இன்னும் கூட்டியது. புத்தி சரியாக இருந்த காலத்தில் அது நின்று யோசித்திருக்கும், இத்தனை தீக்கும் நிறம் ஏறவில்லை என்றால் என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கும். தட்டல்தான் நிறுத்தியாயிற்றே. மொத்த பர்னரையும் திறந்துவிட்டுவிட்டது.

புகை வந்தது. பெல்ட்டில் கரி வந்தது. உள்ளே பிஸ்கட் பற்றிக்கொண்டு எரிய ஆரம்பித்தது. மேரி என்ன ஏது என்று பார்க்கப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். தீ வெளியே பாய்ந்தது. வலது கை, முழங்கை வரைக்கும்.

அந்தச் சத்தத்தை எழுத வேண்டாம்.

முதலில் ஓடியவன் நான்தான். கேஸ் வால்வை மூடியவன் நான்தான். இதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

வான்மதி மேரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மேரிக்கா, மேரிக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் வந்து மேரியை ஏற்றும்போது எழுந்து, நேராகக் கேமராப் பக்கம் போனாள். முகத்தை நெருக்கமாக வைத்துப் பார்த்தாள். பிறகு கோட்டுக் கையால் கண்ணாடியைத் துடைத்தாள், அழுத்தி, இரண்டு மூன்று தடவை. அப்புறம் ஓடிப் போய் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். ஏன் துடைத்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

விசாரணை. ரகுநந்தன், இன்னும் இரண்டு பேர். வான்மதி நின்றுகொண்டே பதில் சொன்னாள்.

"தட்டலை நிறுத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சே நிறுத்தினீங்களா?"

"நம்பர் நல்லா வரணும்னு நிறுத்தினேன். தப்பு என்னோடது."

என் பெயரை ஓரிடத்தில்கூட எடுக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண். என்னைக் கேட்டபோது, மேடம் கடுமையாக உழைத்தவர், தண்டனையில் கொஞ்சம் கருணை காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ரகுநந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினார். லைன் இரண்டிலிருந்து அவள் எழுதியதை எடுத்துவிட்டு என் செட்டிங்கைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பூட்டிவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

வான்மதியை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். மேரி முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாளாம். அதற்கும் போகிறாள். "நடந்தது நடந்துபோச்சு, அதையே நெனச்சிட்டு இருக்காத" என்றேன். "சரிங்க" என்றாள்.

அக்டோபர் 21, திங்கள்

ஓசூர் ஆலைத் தலைவர், பி. பரந்தாமன். இன்றைக்கு உத்தரவு வந்தது. பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். அக்கா திருஷ்டி சுற்றினாள். துளசி இரண்டு துண்டு தின்றாள். வான்மதி கையில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 23, புதன்

தீபாவளி ஆர்டருக்கு மாவு பற்றவில்லை. அடுக்கி வைத்திருந்த இருப்பு காலி. கோதண்டம் வேறு மில் மாவை இறக்கினான். இரண்டு லைனிலும் பிஸ்கட் வெளுத்து, நடுவில் மெத்தென்று வந்தது. செட்டிங் சரியாகத்தான் இருக்கிறது, மாவுதான் தப்பு. ஒரு ஷிஃப்ட் முழுக்க மாட்டுத் தீவனத்துக்குப் போனது. கையால் தீயைக் கூட்டிப் பார்த்தேன், கருகியது. குறைத்தேன், வெந்தும் வேகாமலும் வந்தது. ஆபரேட்டர்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த ஆலைக்கு நான் தலைவன்.

அக்டோபர் 24, வியாழன்

இன்றும் அதே கதை. ரகுநந்தன் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். பேச்சில் பழைய தேன் இல்லை.

அக்டோபர் 25, வெள்ளி

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "வான்மதி, உன்னோட அந்த ப்ரோக்ராம் ஒரு காப்பி இருக்குமில்ல. ஒரு நாள் வந்து போட்டுக் குடேன். புது மாவு சொன்னபடி கேக்கல."

துளசியின் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பொட்டு வைக்கும்போது தட்டைப் புடிச்சிட்டு நான்தானேங்க பக்கத்துல நின்னேன்" என்றாள்.

"தெரியாம பட்டுடுச்சு."

"கட்டை விரலால தேச்சீங்க. நான் பாத்தேன். சாமி காரியம் பண்றாரு, நாமளா எதையாவது நெனக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். ஒரே லாட் மாவு குடுத்தப்பவும் அப்படித்தான் இருந்துட்டேன். சிவகாமி அண்ணிய கூட்டிட்டு வந்தப்ப சாமி படத்துக்கு வெளக்கு ஏத்தினேன்."

நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அதற்காகக்கூட நான் நிறுத்தவில்லை. வான்மதி நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"அப்புறம் ஏன் தொடச்ச? அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"அப்ப என் புருசன்னு தொடச்சேன்."

பட்டன் டப்பாவை மூடினாள். குரல் ஏறவே இல்லை. "ஆபீசுல சொல்ல வேணாம். பதவி உங்களுக்கே இருக்கட்டும். ப்ரோக்ராமும் தர்றேன், வந்து போட்டும் குடுக்கறேன். மேரிக்கா நேத்து வீட்டுக்கு வந்துட்டாங்க. அவங்க கைய நான்தான் பொசுக்கிட்டேன்னு நெனச்சிட்டு இருக்காங்க. அவங்ககிட்ட மட்டும் போயி, சந்தனம் நான்தான் வச்சேன், வேணும்னேதான் வச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. அவங்க என்ன திட்டினாலும் கேட்டுக்கங்க. சொல்லிட்டா நான் இந்த வீட்டுல இருப்பேன்."

"இல்லன்னா?"

"துளசிய கூட்டிட்டுப் போயிடுவேன்."

அக்டோபர் 26, சனி

போகலாம் என்றுதான் இருக்கிறேன். ஒரு வார்த்தைதானே. பதவி போகாது, வெளியே தெரியாது, ஓவனும் சரியாகிவிடும், பிள்ளையும் வீட்டில் இருக்கும். எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் இதுதான் சிறந்த வழி. அவளுக்கு என்னைவிட நன்றாகவே கணக்குப் போடத் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு மேரி வீட்டுக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஓட்டு வீடு. கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. அவற்றைப் பார்க்காமல் பேசுவது எப்படி என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"சார், நீங்களே வந்துட்டீங்களா" என்று எழப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். இடது கையாலேயே டம்ளரை நகர்த்தி, மகளிடம் டீ போடச் சொன்னாள்.

"மேரி, ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

"தெரியும் சார். சொல்ல வேணாம்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "மேடத்துக்காகத்தான் வந்திருக்கீங்க. ஆஸ்பத்திரியில அவங்க வந்து வந்து நின்னாங்க. நான் மூஞ்சி குடுத்துப் பேசல. அவ்ளோ வலி சார், யாரையாவது வெறுத்தா கொஞ்சம் கொறையற மாதிரி இருந்துச்சு. நேத்து பாதர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. அப்புறம் யோசிச்சேன். அவங்களும் புள்ள பெத்தவங்க, வேணும்னு செய்வாங்களா. நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லிடுங்க சார். இத்தனைக்கு அப்புறமும் பொண்டாட்டிய விட்டுக் குடுக்காம என் வீடு தேடி வந்திருக்கீங்களே, உங்களுக்காகவாவது மன்னிக்கணும்."

வாயைத் திறந்தேன். வார்த்தை தயாராகத்தான் இருந்தது, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி என்னை இதுவரை யாரும் பார்த்ததில்லை. என் அம்மாகூட. அதை எப்படி நான் என் கையாலேயே கெடுத்துக்கொள்வது? டீ வந்தது. குடித்தேன். இனிப்பு அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள். துளசி படம் வரைந்துகொண்டிருந்தாள். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வான்மதி எழுந்து நின்றாள். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"போனீங்களா?"

"போனேன்."

"சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்."

அவள் தோள்கள் இறங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன சொன்னாங்க? ரொம்பத் திட்டினாங்களா?"

"இல்ல, திட்டவே இல்ல. அழுதாங்க. மன்னிச்சிட்டேன்னு சொன்னாங்க."

"யாரை?"

"உன்னைத்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அக்காவின் கை கீரையில் நின்றுவிட்டது. வான்மதி தலையை மட்டும் ஆட்டினாள், ஏதோ கணக்கு சரியாக வந்த மாதிரி. உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. நான் அக்காவைப் பார்த்தேன், எதையாவது சொல்லி அவளை நிறுத்துவாள் என்று. அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் எழுந்துபோய், கொடியிலிருந்த துளசியின் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.